ஆமைப்பாருக்குப் போகாத நாள்

ஜனவரி 18, ஞாயிறு. தை அமாவாசை
போன நாள்.

இந்த நோட்டு சங்கத்துக்குச் சொந்தம். எழுதுகிற கை மட்டும் பூமயிலுக்குச் சொந்தம்.

பின்னாடி யாராவது எடுத்துப் பார்த்தால் விளங்கட்டும் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். பூவரசன்வலசையில் கடல்பாசி எடுக்கிற பெண்கள் நாற்பத்திரண்டு பேர், எங்கள் சங்கம் அவ்வளவுதான். கரையிலிருந்து வத்தையில், அதாவது சின்னப் படகில், முக்கால் மணி நேரம் போனால் தண்ணிக்கு அடியில் ஒரு பாறைத்திட்டு. அதுதான் ஆமைப்பார். அங்கே நாங்கள் நினைத்தபோதெல்லாம் போவதில்லை. அமாவாசையிலிருந்து ஆறு நாள், பௌர்ணமியிலிருந்து ஆறு நாள். மற்ற நாளெல்லாம் பாறைக்கு லீவு. அப்போதுதான் பாசி மறுபடி வேர் பிடிக்கும். லீவு நாளில் திருட்டுத்தனமாக எவளாவது போனால், லீவு முடிந்த பிறகு முதல் மூன்று நாள் அவள் தண்ணியில் கால் வைக்கக் கூடாது.

எவள் போனாள், எவள் போகவில்லை என்று மாசாமாசம் குடுமிப்பிடி. அதனால் 'போன நாள்', 'போகாத நாள்' என்று எழுதிவைக்க ஓர் ஆள் வேண்டுமாம். மூன்றாம் வகுப்பு தாண்டாத நான்தான் இங்கே பெரிய படிப்பாளி.

"ரெண்டு வார்த்தை எழுதச் சொன்னா இவ இருநூறு எழுதுவா. பரவால்லையா, யோசிச்சுக்கிடுங்க" என்றாள் தனக்கோடி மதினி.

எழுதுவேன். எங்கள் கூட்டத்தில் இதை வாசிக்க வேறு ஆள் கிடையாது. யாரைப் பற்றியும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். சொர்ணம் இன்றைக்கும் சட்டையை உள்பக்கம் வெளியே போட்டுக்கொண்டு வந்தாள்.

ஜனவரி 20, செவ்வாய்
போன நாள். தண்ணி கண்ணாடி மாதிரி.

சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய சட்டை, விரலில் துணிச் சுற்று, காலில் நீந்தத் தகடு, இடுப்பில் பை. இந்தக் கோலத்தில் என்னைப் பார்த்து எங்கள் வீட்டு மகாராசா முனியராசு, "எந்த ஊரு நாடகத்துக்குக் கிளம்பிட்ட?" என்றார். "ராசா வேசத்துக்கு ஆள் இல்லையாம், வாரீகளா?" என்றேன். டீயைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பதில் இல்லை என்றால் டீ கொடுப்பார்.

நாங்கள் ஜோடி ஜோடியாகத்தான் முங்குவோம். ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி மேலே மிதந்தபடி எண்ண வேண்டும். முப்பது வரைக்கும் தலை தெரியவில்லை என்றால் முடியைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். எனக்கும் தனக்கோடி மதினிக்கும் இருபத்திரண்டு வருஷ ஜோடி. அவள் இருபத்தைந்திலேயே என் கொண்டையைப் பிடித்துவிடுவாள்.

"முப்பதுன்னுதானே பேச்சு?"

"நடுவுல அஞ்சு நம்பரு எனக்கு மறந்துபோச்சுடி."

இருபத்திரண்டு வருஷமாக அதே அஞ்சு நம்பர்.

ஜனவரி 24, சனி
போகாத நாள். இன்று முதல் லீவு. வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். மகாராசா எனக்கும் சேர்த்து வெள்ளை அடித்துவிட்டார்.

ஜனவரி 28, புதன்
போகாத நாள்.

கரையில் நானும் ஒரு பூனையும்தான். பாசி காய்ந்திருக்கிறதா என்று புரட்டிக்கொண்டிருந்தேன். ஷூ போட்ட இரண்டு பேர் மணலில் தத்தித் தத்தி வந்தார்கள். ஒருத்தர் கையில் அட்டை, பேனா.

"ஏம்மா, அந்தப் பாறைப் பக்கம் யாராச்சும் போறதுண்டா?"

தீவுப் பக்கம் போகக் கூடாது என்று நம்மை விரட்டுகிற வனத்துறை ஆட்கள் என்றுதான் நினைத்தேன். போன வருஷம் அவர்களிடம் பையையும் முங்குகிற கண்ணாடியையும் பறிகொடுத்தவள் நான். எங்களில் எவளைக் கேட்டாலும் ஒரே பதில்தான், பழகிய பதில்.

"அங்க யாரு சாமி போவா? கடல்கன்னி ஒருத்தி போய்க்கிட்டு இருந்தா. இப்ப அவளும் பெருத்துப்போயிட்டா, நீந்த முடியல."

பேனாக்காரர் சிரித்தார். இன்னொருத்தர் ஒரு கருவியைக் கண்ணில் வைத்துக் கடலைப் பார்த்தார். கடலில் ஒரு வத்தை இல்லை, ஒரு தலை இல்லை. இருக்குமா? லீவு அல்லவா.

பேர் கேட்டார்கள். ஒரு பேரைச் சொன்னேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பு. உப்பு கூடிவிட்டது.

பிப்ரவரி 1, ஞாயிறு. பௌர்ணமி
போன நாள். மரிக்கொழுந்துப் பாசி மெத்தை மாதிரி வளர்ந்து கிடக்கிறது. எட்டு நாள் லீவு விட்டதுக்குப் பாறை கொடுத்த மொய்.

திரும்பி வரும்போது டீக்கடை டிவியில் பட்ஜெட். ஆண்கள் எல்லாம் வாயைத் திறந்தபடி நிற்கிறார்கள். "என்ன சொல்றாக?" என்றேன். "ராணுவத்துக்கு நெறைய" என்றார் முனியராசு. நல்லதுதானே. நாட்டுக்குக் காவல் வேண்டாமா? எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டுப் பிள்ளைகள் பட்டாளத்தில் இருக்கிறார்கள்.

பிப்ரவரி 11, புதன்
போகாத நாள்.

நஸ்ரின் வந்தாள். மீனவர் சங்கத்துக்குக் கேஸ் பார்க்கிற வக்கீல் பிள்ளை. ஸ்கூட்டியை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு, தண்ணி கூடக் குடிக்காமல் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

அவள் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். ராணுவத்துக்குப் பணம் ஒதுக்குகிற காகிதத்துக்குள் இரண்டு பாரா நுழைந்திருக்கிறது. முதல் பாரா: அணு உலை வைத்த நீர்மூழ்கிக் கப்பல் வந்து நிற்க நம் கடற்கரையில் ஒரு துறை. அதாவது வயிற்றுக்குள் அடுப்பை வைத்துக்கொண்டு முங்குகிற கப்பல். இரண்டாவது பாரா: யாரும் புழங்காத கடல் என்று சர்வேயில் வந்துவிட்டால் சுற்றுச்சூழல் ஆய்வு வேண்டாம், ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்கவும் வேண்டாம். நேரே வேலை. துறை வந்துவிட்டால் சுத்துவட்டாரத்தில் யாரும் முங்க முடியாது, எப்போதுமே.

"ஆமைப்பாரு புழங்காத கடலா?" என்று சொர்ணம் எழுந்தே விட்டாள். "என் முட்டியப் பாரு, எல்லாம் அந்தப் பாறை போட்ட கோடு!"

"சர்வே கம்பெனி ரிப்போர்ட்ல அப்படித்தான் இருக்கு அத்தை. வந்து பாத்தாங்களாம், கடல்ல ஒருத்தருமில்லையாம். கரையில ஒருத்தங்களக் கேட்டாங்களாம். அவங்களும் யாரும் போறதில்லன்னு சொல்லிட்டாங்களாம்."

"எவ அவ?"

நஸ்ரின் காகிதத்தைப் பார்த்தாள். பிறகு பார்க்காமலே சொன்னாள். "தனக்கோடின்னு போட்டிருக்கு."

நாற்பத்தொரு தலை ஒரே பக்கம் திரும்பியது. அதில் என் தலையும் ஒன்று.

தனக்கோடி மதினி, "நான் சொல்லல" என்றாள். ஒரே ஒரு தடவைதான். அவள் எப்போதும் அப்படித்தான், ஒரு பேச்சை இரண்டு தடவை பேச மாட்டாள்.

நேற்று வைத்த மீன்குழம்பு கெட்டுப்போய்விட்டது. கொட்டினேன்.

பிப்ரவரி 12, வியாழன்
போகாத நாள். எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 14, சனி
போகாத நாள். குழாயடியில் மதினியின் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொர்ணம் பிடித்தாள். மதினி குடத்தை எடுத்துக்கொண்டு கடைசிக்குப் போனாள். நான் அங்கேதான் நின்றேன். என் குடமும் நிறைந்துதான் இருந்தது.

ஒரு வேடிக்கை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்கே ஆச்சரியம்.

பிப்ரவரி 17, செவ்வாய். அமாவாசை
போன நாள்.

சங்கத்தில் முடிவாகிவிட்டது: இது தீர்கிற வரைக்கும் தனக்கோடி வத்தையில் ஏறக் கூடாது. கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதுகிற கையை எப்படித் தூக்குவது?

எனக்குப் புது ஜோடி சொர்ணம். பாறைக்கு அடியில் என் பை ஒரு முனையில் மாட்டிக்கொண்டது. இழுக்கிறேன், வரவில்லை. காதுக்குள் இடி. அவிழ்த்துவிட்டுத் தானாக மேலே வந்து விழுந்தேன்.

"எண்ணுனியாடி?"

"எண்ணிக்கிட்டுத்தான் மதினி இருந்தேன். நடுவுல கம்மல் திருகாணி கழண்டுபோச்சு, அதைப் பிடிக்கப் போயிட்டேன்."

கரையேறும்போது தனக்கோடி மதினி அவள் வீட்டு வாசலில் நின்றாள். என் தலையிலிருந்து கால்வரைக்கும் ஒரு பார்வை. அப்புறம் உள்ளே போய்விட்டாள்.

மகாராசா தலை துவட்டிவிட்டார். "ஏன் நடுங்குற?" என்றார். "குளிரு" என்றேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

பிப்ரவரி 22, ஞாயிறு
போன நாள். சொர்ணத்துக்கு எண்ணச் சொல்லிக் கொடுத்தேன். பதினாலுக்கு அப்புறம் பதினாறு என்கிறாள்.

பிப்ரவரி 26, வியாழன்
போகாத நாள்.

காராமணி சுண்டல் செய்து எடுத்துக்கொண்டு மதினி வீட்டுக்குப் போனேன். அவள் முற்றத்தில் உட்கார்ந்து என்னுடைய பழைய கால்தகட்டுக்கு ரப்பர் பட்டை தைத்துக்கொண்டிருந்தாள். என்னுடையது! பொங்கலுக்கு முன்னாடி நான் கொடுத்துவிட்டு மறந்தது.

"வா" என்றாள். ஊரில் வேறு யாரும் அந்த வாசலை மிதித்துப் பதினைந்து நாள் ஆகிறது.

சுண்டல் பாத்திரத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு அவளே கேட்டாள்: "என்னமோ சொல்ல வந்தவ மாதிரி இருக்க?"

"ஆமா மதினி."

"சொல்லு."

"சுண்டல்ல தேங்கா கம்மி. அந்த மனுசன் திருவும்போதே பாதியத் தின்னுட்டாரு."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிந்த பிறகும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தகட்டை என்னிடம் கொடுத்தாள். "வலது கால் பட்டை இறுக்கமா இருக்கும். போட்டுப் பழக்கிக்க."

வலதும் இடதும் இரண்டுமே இறுக்கமாக இருக்கிறது.

மார்ச் 3, செவ்வாய். பௌர்ணமி
போன நாள். நான் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். நோட்டில் பொய் எழுதக் கூடாது: தலைவலி இல்லை.

மார்ச் 6, வெள்ளி
போன நாள்.

நஸ்ரின் மறுபடி வந்தாள். அந்த இரண்டு பாராவுக்கும் ஆட்சேபணை கேட்கப் பாராளுமன்றத்திலிருந்து ஒரு குழு வருகிறதாம். பன்னிரண்டாம் தேதி, ராமநாதபுரத்தில் ஒரு மண்டபத்தில். ஆளுக்கு மூன்று நிமிஷம்.

"கடலுக்கு ஆபத்துன்னு சொல்ல விஞ்ஞானிங்க வர்றாங்க. அதை அவங்க பாத்துக்கிருவாங்க. நமக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். சர்வேக்காரங்க வந்த அன்னைக்கு நீங்க ஏன் கடல்ல இல்லைங்கறதுக்கு ஒரு ஆதாரம். ஜனவரி இருபத்தெட்டு, மத்தியானம்."

"லீவு நாளு!" என்று நாலைந்து பேர் சேர்ந்து கத்தினார்கள்.

"வாயால சொன்னா இப்பப் பேசி வெச்சுச் சொல்றோம்பாங்க அத்தை. எழுதி வெச்சது ஏதாச்சும் இருக்கா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்த நோட்டு என் மடியில் இருந்தது. 'தினமும் எழுதுறாளே, தேதி போட்டு எழுதுறாளே' என்று ஒரே சந்தோஷம். சொர்ணம் என் கன்னத்தைக் கிள்ளினாள். ஒருத்தி திருஷ்டி கழித்தாள்.

நஸ்ரின் கையை நீட்டினாள். "குடுங்க பூமயில் அத்தை, அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தாரேன்."

"கையெழுத்துக் கோழிக் கிறுக்கல் பிள்ளை. அன்னைக்கு நானே கொண்டாந்து நானே வாசிச்சுக் காட்டுறேன்" என்றேன்.

சமாளித்துவிட்டேன் என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். தனக்கோடியும் வர வேண்டுமாம். ரிப்போர்ட்டில் பேர் இருப்பதால் குழு அவளைத்தான் முதலில் கேட்கும். அவள் 'நான் சொல்லவில்லை' என்றால் கம்பெனிக்காரர்கள் 'இப்போது மாற்றிப் பேசுகிறாள்' என்பார்கள். அப்புறம் எங்களில் யார் எதைச் சொன்னாலும் பொய்க்காரக் கூட்டம் என்றாகிவிடும்.

மார்ச் 9, திங்கள்
போகிற நாட்கள் முடிந்து இன்று முதல் லீவு.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம். ஓரம் தெரியாமல் பிளேடு வைத்து எடுத்துவிடலாம். ஆனால் அந்தத் தேதியும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. தேதி வேண்டும் என்றால் மற்றதும் வரும். புதுப் பக்கத்தில் எழுதி ஒட்டலாம். மை புதுசாகத் தெரியும். நஸ்ரினுக்கு அதெல்லாம் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

முனியராசு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்குத் தன் பேரை எழுதுவதே பெரிய பாடு. "நோட்ட வாசி, கேப்போம்" என்றார். சரி என்று முதலிலிருந்து வாசித்தேன். சொர்ணத்தின் சட்டைக்குச் சிரித்தார். வெள்ளை அடித்ததற்குச் சிரித்தார். நான் அப்படியே டிவி பட்ஜெட்டுக்குப் போனேன்.

கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "நடுவுல ஒரு பக்கம் வேகமாத் திருப்புன?"

"அது ஒண்ணுமில்ல, குழம்பு விசயம்."

"அன்னைக்குக் குழம்புல உப்புக் கூடுதல். எனக்கு ஞாபகம் இருக்கு."

"அதுக்கு இப்ப என்ன?"

"இருபத்தேழு வருசத்துல உனக்கு உப்புக் கூடுனது ரெண்டு தடவ. ஒண்ணு உங்க அப்பாரு செத்த அன்னைக்கு."

நான் நோட்டை மூடினேன். அவர் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். பதில் இல்லை என்றால் அவர்தானே டீ கொடுப்பார்? இன்றைக்குப் பதில் இல்லாதவள் நான்.

டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, "கிழிச்சிராத" என்றார்.

மார்ச் 11, புதன்
போகாத நாள். நாளைக்குக் கட்ட பச்சைச் சேலையைத் துவைத்துக் காயப்போட்டேன். வாசித்துப் பழகினேன். மூன்று நிமிஷத்துக்குள் அடங்குகிறது. ஓர் இடம் மட்டும் ஒவ்வொரு தடவையும் வேகமாக ஓடிவிடுகிறது. மிளகு ரசம் குடித்தேன்.

மார்ச் 12, வியாழன்

வேனில் இருபத்தாறு பேர். தனக்கோடி மதினி கடைசி சீட்டில் தனியாக. நான் டிரைவர் பக்கத்தில். டிரைவரைக்கூடக் கிண்டல் செய்யவில்லை.

கல்யாண மண்டபம் அது. மாப்பிள்ளை பெண் உட்காருகிற மேடையில் குழு உட்கார்ந்திருந்தது. ஏழு பேர். நடுவில் வடக்கத்தி அம்மா ஒருவர், நரைத்த தலை, தோளில் சால்வை. அவர்தான் தலைவர். மொழிபெயர்க்க ஒருத்தர். முதலில் விஞ்ஞானிகள் பேசினார்கள். கப்பலுக்குள் உலை கெட்டால் என்ன ஆகும், தண்ணி சூடானால் பவளப்பாறை என்ன ஆகும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். மேடையிலிருந்த ஒருத்தர், நாட்டின் பாதுகாப்பைவிடப் பாசி பெரிதா என்று கேட்டார். "பெரிதில்லை அய்யா. ஆனால் பாதுகாப்புக்கு என்று சொல்லி, கேட்காமலேயே செய்வதைத்தான் ஆட்சேபிக்கிறோம்" என்றாள் நஸ்ரின். வக்கீல் பிள்ளை வக்கீல் பிள்ளைதான்.

பிறகு மதினியைக் கூப்பிட்டார்கள்.

"யாரும் போவதில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்களா?"

மதினி மைக்கைப் பிடித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்லல என்று சொன்னால் போதும். அதைக்கூடச் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளர் இரண்டாவது தடவை கேட்டார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமான பார்வை இல்லை. பாறைக்கு மேலே மிதந்துகொண்டு, நான் எப்போது தலையைத் தூக்குவேன் என்று தண்ணிக்குள் பார்ப்பாளே, அந்தப் பார்வை. எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எழுந்து போனேன். என் முறை இல்லை என்று யாரோ சொன்னார்கள். "எனக்கு நோட்டு வாசிக்கணும், கண்ணாடிய வீட்ல வெச்சுட்டேன், வெளிச்சம் இருக்கும்போதே வாசிச்சிர்றேன்" என்றேன். மேடையில் சிரித்தார்கள். அதுதான் கடைசிச் சிரிப்பு.

வாசித்தேன். 'ஜனவரி 28, புதன். போகாத நாள்.' நானும் பூனையும். ஷூக்காரர்கள். கடல்கன்னி. மொழிபெயர்ப்பாளர் கடல்கன்னிக்குத் தடுமாறினார். 'கடலில் ஒரு வத்தை இல்லை, ஒரு தலை இல்லை. இருக்குமா? லீவு அல்லவா' என்கிற இடத்தில் அந்த அம்மா பேனாவை எடுத்து எழுதினார்.

'பேர் கேட்டார்கள். ஒரு பேரைச் சொன்னேன்.'

அங்கே நிறுத்தினேன். அதற்கு மேல் குழம்புதான் இருக்கிறது.

அந்த அம்மா கேட்டார். மொழிபெயர்க்கும் முன்னாலேயே எனக்கு விளங்கிவிட்டது. "எந்தப் பேர்?"

"தனக்கோடி" என்றேன். "என் ஜோடி பேரு. நான் பூமயில். விரட்டுற ஆளுகன்னு பயந்து அந்தப் பேரச் சொல்லிப்புட்டேன். வாயில எப்பவும் அவ பேருதான் இருக்கும், அதுதான் வந்துச்சு. அப்புறம் சொல்லாம இருந்தது பயம் இல்ல. அது என் கெட்ட புத்தி. அவ ஒரு மாசமா தண்ணியில எறங்கல. ஊருல யாரும் அவகிட்டப் பேசல. நான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

நோட்டை மேடைப் பக்கம் நீட்டினேன்.

சர்வேக்காரரில் பேனாக்காரர் வந்திருந்தார். "இந்தம்மாதான். கடல்கன்னி ஜோக் சொன்னவங்க" என்று மெதுவாகச் சொன்னார். நல்ல மனுசர்.

நோட்டை வாங்கி அந்த அம்மா முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். தமிழ் தெரியாது, ஆனால் தேதி தெரியும் அல்லவா. விரலை வைத்து வைத்துப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருப்பவரிடம் ஏதோ சொன்னார். நஸ்ரின் என் காதில் சொன்னாள்: "ஓய்வு விட்ட பாறையைப் புழங்காத பாறைன்னு எழுதியிருக்கீங்களேன்னு கேக்குறாங்க அத்தை."

நான் வெளியே போய்ச் செருப்பைத் தேடினேன். இரண்டு காலிலும் போட்டிருந்தேன். அப்புறம்தான் கவனித்தேன்.

மார்ச் 13, வெள்ளி
போகாத நாள்.

நேற்று எழுதியதில் வேன் திரும்பி வந்த கதையை எழுதவில்லை. கை ஓய்ந்துபோயிற்று.

வேனில் யாரும் என் பக்கம் வரவில்லை. நான்தான் இந்த முறை கடைசி சீட்டு. உச்சிப்புளி தாண்டியதும் தனக்கோடி மதினி எழுந்தாள். கம்பியைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கு எப்ப மதினி தெரியும்?"

"கூட்டம் போட்டதுக்கு மறுநாளே நஸ்ரின் தனியா வந்து முழு ரிப்போர்ட்டையும் வாசிச்சுக் காட்டுனா. கடல்கன்னி பெருத்துப்போச்சுன்னு அதுல இருந்துச்சு. இந்த ஊருல அந்தப் பேச்ச வேற எவடி பேசுவா?"

"அப்பவே ஊரக் கூட்டிச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ வருவேன்னு இருந்தேன்."

"சுண்டலோட வந்தேன்ல?"

"வந்த. தேங்கா கம்மி."

அழுகை வந்துவிட்டது எனக்கு. அவள் முந்தானையைக் கொடுக்கவில்லை. "சொந்தச் சேலைல தொடச்சுக்க, இது நல்ல சேலை" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "சொர்ணம் எண்ணுறாளா ஒழுங்கா?" என்று கேட்டாள்.

"பதினாலுக்கு அப்புறம் பதினாறு."

"பாவி. செத்திருப்பியேடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலசை வரைக்கும் விடவில்லை.

மார்ச் 15, ஞாயிறு
போகாத நாள். சங்கம் கூடியது. எல்லாரும் மதினியிடம் மன்னிப்புக் கேட்டார்கள். சொர்ணம் ஒரு குடம் தண்ணி கொண்டுபோய் அவள் வீட்டில் இறக்கினாள். எனக்கும் அதே மூன்று நாள் தண்டனை. என் கையாலேயே எழுத வேண்டும் என்றார்கள். எழுதுகிறேன்: பூமயில் மூன்று நாள் தண்ணியில் கால் வைக்கக் கூடாது. இந்தத் தடவை கை தூக்கச் சொன்னபோது நோட்டைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கினேன்.

மார்ச் 18, புதன். அமாவாசை
போன நாள். எனக்குப் போகாத நாள்.

வத்தைகள் கிளம்பிப் போயின. கரையில் நானும் அதே பூனையும். திரும்பிப் பார்த்தால் தனக்கோடி மதினி மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

"உனக்குத்தான் தடை போயிருச்சே மதினி, போகலையா?"

"ஜோடி இல்லாம எங்க போறது? அதுவும் போக உன்னத் திட்ட ஆள் வேணும்ல."

மூன்று நாளும் திட்டுவாளாம். இன்றைக்குத் திட்டியது நல்ல திட்டு.

மார்ச் 27, வெள்ளி
போகாத நாள்.

நஸ்ரினிடமிருந்து போன். அந்த இரண்டு பாராவும் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறதாம். குழு தன் ஆட்சேபணையை எழுதிக் கொடுத்திருக்கிறது. எடுப்பார்களா, வைப்பார்களா என்பது டெல்லிக்குத்தான் தெரியும். ஆனால் ஆமைப்பார் புழங்காத கடல் என்ற ரிப்போர்ட் செல்லாது. மறுபடி சர்வே. தேதியை நாம் சொல்லலாமாம். காலண்டரைப் பார்த்துச் சொன்னேன்: ஏப்ரல் 2, பௌர்ணமி, காலை ஏழு மணி.

முழுசாக ஜெயித்தோமா என்றார் முனியராசு. இல்லை, இன்னும் கேஸ் இருக்கிறது என்றேன். டீ கொடுத்தார்.

ஏப்ரல் 2, வியாழன். பௌர்ணமி
போன நாள்.

பதினோரு வத்தை, நாற்பத்திரண்டு பேர். உடம்பு முடியாதவர்கள்கூட வந்துவிட்டார்கள். சர்வேக்காரர்கள் தனி போட்டில் வந்தார்கள், கூடவே நஸ்ரின், வாந்தி எடுத்தபடி. ஆமைப்பாருக்கு மேலே எங்கே பார்த்தாலும் தலை. பாசிப் பையைத் தூக்கித் தூக்கிக் காட்டினோம். படம் எடுத்துக்கொண்டார்கள்.

அதே பேனாக்காரர். அட்டையை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் வத்தைக்குப் பக்கத்தில் வந்தார். "பேர் சொல்லுங்கம்மா. இந்தத் தடவை நிஜப் பேரு" என்று சிரித்தார்.

"மு. பூமயில்" என்றேன். "வீட்டுக்காரர் முனியராசு. பூவரசன்வலசை. வயசு நாப்பத்தேழு. தினமும் இல்ல சார், மாசம் பன்னண்டு நாள் வருவோம். மத்த நாளு வந்தா எங்களப் பாக்க முடியாது. பாறையக் கேளுங்க, அது சொல்லும்."

எழுதிக்கொண்டார். மதினி பக்கம் திரும்பினார். "உங்க பேரும்மா?"

தனக்கோடி மதினி கண்ணாடியைத் தண்ணியில் அலசி, எச்சில் தடவித் துடைத்து, மாட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னாள்:

"பூமயில்."

பேனாக்காரருக்குக் கை நின்றுபோயிற்று. பக்கத்து வத்தையில் சொர்ணம் சிரிக்கப்போய்த் தண்ணி குடித்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் வெளியாள் முன்னால் அவள் என்னை ஓட்டியது இதுதான் முதல் தடவை.

"அடியே, எழுதிக்கிடச் சொல்லட்டா?" என்றாள் என்னிடம். பிறகு அவரிடம், "தனக்கோடி சார். நல்லாப் பெரிசா எழுதிக்கங்க" என்றாள்.

முதலில் நான் முங்கினேன். புதுப் பட்டை காலைக் கவ்விப் பிடித்திருந்தது. பாசி தழைத்துக் கிடந்தது. கை நிறைய அள்ளிக்கொண்டிருக்கும்போதே கொண்டையில் ஒரு பிடி.

"முப்பது ஆகலையே மதினி!"

"எனக்கு ஆயிருச்சு" என்றாள்.